சர்ச்சில் பயணம்: முதல் நாளுக்குத்தான் விலை அதிகம்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது சர்ச்சில். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 870 பேர். ஊருக்குச் சாலை கிடையாது. பனிக்கரடி பார்க்கப் போகிறவரின் பட்ஜெட்டில் பெரிய பள்ளம் விழுவது இதனால்தான்.

ஊரில் ஆட்களைவிடக் கரடிகள் அதிகம் என்று பயண விளம்பரங்கள் இன்னும் சொல்கின்றன. 1980களின் கடைசியில் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் ஏறத்தாழ 1,200 கரடிகள் இருந்தபோது அது பொருந்தியிருக்கலாம். 2016 மதிப்பீடு 842. 2021-ல் அது 618. ஐந்தே ஆண்டுகளில் கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. அந்த 618-ம் சர்ச்சிலுக்கு மட்டுமல்ல, நீண்ட கரையோரம் முழுவதற்குமான கணக்கு.

கரடிகள் கரைக்கு வருவது விருந்துக்கு அல்ல. அவற்றின் இரையான சீல் கடல் பனிக்கட்டியின் மேல்தான் அகப்படும். கோடையில் பனி உருகியதும் கரையேறி, மறுபடி கடல் உறையும்வரை காத்துக் கிடக்கின்றன. இங்கே கடலில் சேரும் ஆற்றின் நன்னீர் கலப்பதால் சர்ச்சில் பக்கம் கடல் சீக்கிரம் உறையும். அதனால்தான் அக்டோபர், நவம்பரில் இங்கே கூட்டம். காத்திருப்புக்கு ஒரு விலையும் உண்டு: 2024-ல் வெளியான ஆய்வொன்றில், கோடையில் இப்பகுதிக் கரையில் கண்காணிக்கப்பட்ட 20 கரடிகளில் 19 மெலிந்தன, தினம் 0.4 முதல் 1.7 கிலோ வரை.

இனி நம் பணம். வின்னிபெக் நகரிலிருந்து கணக்கைத் தொடங்குகிறேன். அங்கே வந்து சேரும் செலவு ஆளுக்கு ஆள் மாறும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசாவுக்கு 100 கனடிய டாலரும், கைரேகைப் பதிவுக்கு 85-ம் தனியாக எழுதிக்கொள்ளலாம். கீழே வருபவை, நான் பட்ஜெட்டுக்காக வைத்துக்கொள்ளும் உத்தேசத் தொகைகள், எல்லாம் கனடிய டாலரில்: விமானம் போக வர 1,600, அறை இரவுக்கு 300, கரடி பார்க்கக் கூட்டிப்போகும் டன்ட்ரா வண்டியில் ஒரு நாள் 600, சாப்பாடு நாளுக்கு 90.

இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் மட்டும் வண்டி ஏறினால்: 1,600 + 600 + 600 + மூன்று நாள் சாப்பாடு 270. மொத்தம் 3,070. நான்கு இரவு தங்கி, மூன்று நாள் வண்டி ஏறினால்: 1,600 + 1,200 + 1,800 + 450, ஆக 5,050. முதல் கணக்கில் கரடி பார்க்கும் நாள் ஒன்றுக்கு 3,070, இரண்டாவதில் 1,683. போய்ச்சேரும் செலவு மாறாது. நாட்களைக் கூட்டினால் ஒரு நாளுக்கு விழும் பாரம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. ஒரே நாளுக்குப் போய், அன்று பனிப்புயல் அடித்தால் 3,070-க்குக் கிடைப்பது வெள்ளைச் சுவர்தான். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் நாளைக் குறைப்பதுதான் எனக்குப் புரியாத சிக்கனம்.

ரயிலில் போகலாமே என்பீர்கள். 1,697 கிலோமீட்டர், அட்டவணைப்படியே 45 மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டாது. நிரந்தர உறைமண்ணும் சதுப்பும் மாறி மாறி வரும் தரையில் தண்டவாளம் ஓடுவதால் வண்டி ஓட்டமாக ஓட முடியாது. சாதாரண இருக்கைக்குப் போக வர 500, வழிச் சாப்பாட்டுக்கு 160 வைத்தால் விமானத்தைவிட 940 டாலர் மிச்சம். ஆனால் வாரத்துக்கு இரண்டே வண்டி. எத்தனை இரவு தங்குவது என்பதை நீங்கள் அல்ல, அட்டவணைதான் தீர்மானிக்கும். விடுப்பு தாராளமாக இருந்தால் நான் ரயிலுக்கே ஓட்டுப் போடுவேன்.

டன்ட்ரா வண்டிக்குக் கொடுக்கும் அந்த 600 டாலருக்கு என்ன கிடைக்கிறது? பஸ்ஸைவிட அகலமான வண்டி, நாற்பது பேர்வரை உட்காரலாம், சக்கரம் ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஆண் கரடி 350 முதல் 600 கிலோ; பின்னங்காலில் எழுந்து நின்றால் ஏறத்தாழ மூன்று மீட்டர். வண்டியின் உயரம் அந்தக் கணக்கில் வந்ததுதான். பின்பக்கத் திறந்த மேடையின் தரை இரும்புக் கம்பிச் சல்லடை. கரடி அடியில் வந்தால் அதன் மூச்சுக்காற்று உங்கள் பூட்சுக்குக் கீழே வரும். ஊருக்குள் நடக்கும்போது இந்த உயரம் கிடையாது. அதனால் பலர் காரைப் பூட்டாமலே விட்டுவைக்கிறார்கள், துரத்தப்படுகிறவர் ஏறிக்கொள்ள. ஊருக்குள் புகும் கரடிகளை அடைக்கத் தனிக் கட்டடமே உண்டு, 28 அறைகள்.

நவம்பர் குளிருக்குப் பயந்தால் ஜூலை, ஆகஸ்டில் போகலாம். ஆற்று முகத்துவாரத்துக்கு ஆயிரக்கணக்கில் பெலூகா திமிங்கலங்கள் வரும் பருவம் அது. படகு, டன்ட்ரா வண்டியைவிட மலிவு. கரடி தென்பட்டால் அது போனஸ்.

கடைசி வரி அவசரச் செலவுக்கு. 2017 மே மாத வெள்ளத்தில் தண்டவாளம் பல இடங்களில் அரித்துப்போய், ரயில் திரும்பி வர ஒன்றரை ஆண்டு ஆனது. அவ்வளவு பெரிய கெட்ட நேரம் வரவேண்டியதில்லை; ஒரு புயல் போதும், விமானம் நிற்கும். வின்னிபெக் திரும்பும் அன்றே அடுத்த விமானத்துக்குப் பதிவு செய்யாதீர்கள். ஒரு இரவு அறைக்கு 150 டாலர் சேர்த்து, நான்கு இரவுக் கணக்கை 5,200 என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.