பெரிய கேமராவுக்கு ஒரு சின்னத் துணை



"சார், வீட்ல நல்ல கேமரா ஒண்ணு இருக்கு. ஆனா தூக்கிட்டுப் போக முடியல. எடை குறைவா இன்னொண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். எது வாங்கலாம்?"

சங்க விழாக்களில் நான் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு அன்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பெங்களூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா இருக்கிறது. மகனுக்கு வேலை கிடைத்ததும் வாங்கியது, மகள் கல்யாணத்தை ஒட்டி வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு வெளியே வரும். மற்ற நாட்களில் பீரோவில் தூங்கும்.

தூங்கினால் என்ன, கைப்பேசி இருக்கிறதே என்று கேட்கலாம். பகல் வெளிச்சத்தில் கைப்பேசி நன்றாகவே எடுக்கிறது. ஆனால் விளக்கேற்றும் நேரத்துப் பூஜை அறையும், ஓடியாடும் பேரனும், ஜன்னல் ஓரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு பூத்தொடுக்கும் பாட்டியும் அதற்கு எளிதில் வசப்படுவதில்லை. நம் வீடுகளில் ஒரு பெரியவர் காலமானால், மாலை போட்டு மாட்டுவதற்கு நல்ல படம் கிடைக்காமல், ஆதார் அட்டைப் படத்தையோ கல்யாணக் கும்பலில் வெட்டியெடுத்த முகத்தையோ பெரிதாக்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! லட்ச ரூபாய் கேமரா இருந்தும் இந்த நிலை. ஆகவே இரண்டாவது கேமராவைப் பற்றி யோசிப்பது ஆடம்பரம் அல்ல. ஆனால் அதை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது என்பதில் தெளிவு வேண்டும். அதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறேன்.

பெரியது என்பதும் ஒரு காலத்தில் சின்னதே

முதலில் கொஞ்சம் வரலாறு. லினியஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1850களில் நம் பெங்களூரில் பணியாற்றியவர். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்ந்து, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று தமிழ்நாட்டுக் கோயில்களைப் படமெடுத்தார். கருவிகளும் ரசாயனங்களும் மாட்டு வண்டிகளில் போயின. ஒவ்வொரு தாள் நெகடிவும் ஓர் அடிக்கு மேல் நீளம். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டிய அகலப்படம் சுமார் 19 அடி நீளம் கொண்டது. அந்த மகத்தான பணிக்கு அந்தப் பாரம் தேவைப்பட்டது.

அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னக் என்ற பொறியாளர் இருந்தார். இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பதில் ஆசை கொண்டவர், ஆனால் ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தகட்டுக் கேமராவைச் சுமந்து மலையேற முடியவில்லை. சினிமா பிலிமை எடுத்து, அதன் 18க்கு 24 மில்லிமீட்டர் கட்டத்தை இரட்டிப்பாக்கி, 24க்கு 36 என்று வைத்து ஒரு கையடக்கக் கேமராவை 1913-14 வாக்கில் செய்தார். 1925இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த 24க்கு 36 மில்லிமீட்டர் அளவைத்தான் இன்று நாம் 'ஃபுல் ஃபிரேம்' என்கிறோம். மூச்சுத் திணறும் ஒரு மனிதருக்காகப் பிறந்த சின்னக் கேமராவின் வாரிசுதான் இன்று நம் தோளை அழுத்துகிறது.

அந்தச் சின்னக் கேமராவால் என்ன முடிந்தது? பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் லைக்காவோடு திருவண்ணாமலையில் இருந்தார். ஏப்ரல் 14 அன்று பகவான் ரமணர் சமாதியடைந்த அந்த நாட்களின் படங்கள் அவர் வழியாக நமக்குக் கிடைத்தன. மாட்டு வண்டியில் வரும் கருவி அந்தக் கூட்டத்திலும் அந்த அமைதியிலும் இடம் பிடித்திருக்க முடியாது. ஒவ்வொரு காரியத்துக்கும் ஏற்ற எடை ஒன்று உண்டு என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

சென்ஸாரும் மழைப் பாத்திரமும்

ஃபுல் ஃபிரேம் சென்ஸாரின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அடுத்தது ஏ.பி.எஸ்.-சி. நிக்கான், சோனி, ஃபியூஜி ஆகியவற்றில் சுமார் 23.5க்கு 15.6 மி.மீ., அதாவது முழு அளவில் 42 விழுக்காடு. கேனனில் இன்னும் சற்றுச் சிறியது. அதற்கும் அடுத்தது ஒலிம்பஸ், பானசோனிக் நிறுவனங்களின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். 17.3க்கு 13 மி.மீ., ஏறக்குறைய கால் பங்கு.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவும் ஒரு குடமும் ஒரு செம்பும் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். மழை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. ஆனால் வாய் அகன்ற பாத்திரத்தில் அதிகம் சேருகிறது. சென்ஸாரும் அப்படியே. நல்ல வெயிலில் செம்பும் நிரம்பிவிடும், வித்தியாசம் தெரியாது. வெளிச்சம் குறையக் குறையத்தான் அண்டாவின் அருமை தெரியும். ஆகவே சின்னக் கேமரா மட்டமானது என்று எண்ண வேண்டாம். அதன் எல்லை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் போதும்.

எடை எங்கே இருக்கிறது?

இதுதான் கட்டுரையின் மையம். கடையில் எல்லோரும் பாடியின் எடையைத்தான் கேட்கிறோம். பாரமோ பெரும்பாலும் லென்ஸில் இருக்கிறது.

என்னிடம் இருப்பது நிக்கான் டி750. பேட்டரி, கார்டோடு 840 கிராம். அதில் 24-70 எஃப் 2.8 ஜி லென்ஸைப் பொருத்தினால் இன்னொரு 900 கிராம். ஆக 1,740 கிராம், ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோ கழுத்தில் தொங்குகிறது. அதே பாடியில் 185 கிராம் எடையுள்ள 50 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸைப் போட்டால் மொத்தம் 1,025 கிராம்தான். பாடியை மாற்றாமலே 700 கிராமுக்கு மேல் குறைந்துவிட்டது!

இன்னோர் உதாரணம். கேனன் 2023இல் வெளியிட்ட ஆர்8 ஃபுல் ஃபிரேம்தான், ஆனால் 461 கிராம். அதில் 24-70 எஃப் 2.8 லென்ஸைப் பொருத்தினால் 1,361 கிராம். 160 கிராம் எடையுள்ள 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால் 621 கிராம்.

ஆகவே கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, "உடனே பாடி வாங்காதீங்க. ஒரு மாசம் அந்த 50 லென்ஸை மட்டும் போட்டு நடமாடிப் பாருங்க" என்பதே. அதிலேயே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அப்படியும் கேமரா பீரோவை விட்டு வரவில்லை என்றால்தான் இரண்டாவது பாடி.

எந்தக் குறைக்காக வாங்குகிறோம்?

இரண்டாவது கேமரா கேட்பவர்களில் மூன்று வகை உண்டு. மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

ஒன்று, எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்பவர்கள். வீடு, கோயில், ஊர்ப் பயணம் இவைதான் அவர்கள் தேவை. இவர்களுக்கு ஏ.பி.எஸ்.-சி. அளவில் ஒரு மிரர்லெஸ் கேமரா ஏற்றது. நிக்கான் இசட்50 (2019) பேட்டரி, கார்டோடு சுமார் 450 கிராம். கூடவே விற்கப்படும் 16-50 லென்ஸ் 135 கிராம். ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்த லென்ஸ் 50 மி.மீ. முனையில் எஃப் 6.3தான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். செம்பை வைத்துவிட்டு அதன் வாயையும் பாதி மூடினால் விளக்கொளியில் என்ன சேரும்? 2023இல் வந்த 24 மி.மீ. எஃப் 1.7 லென்ஸும் 135 கிராம்தான். மொத்தம் 585 கிராமில் பூஜை அறையையும் பாட்டியையும் நன்றாக எடுத்துவிடலாம். மற்ற நிறுவனங்களிலும் இதே கணக்குத்தான்: சின்ன சென்ஸார் என்றால் நன்கு திறக்கும் ஒரு லென்ஸ் கட்டாயம்.

இரண்டு, பறவைக்காரர்கள். தஞ்சாவூர்க்காரராகப் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து, காட்டுயிர்ப் படங்களால் உலகப் புகழ் பெற்ற டி.என்.ஏ. பெருமாள் (1932-2017) அவர்களின் ஊர் இது. அந்த ஆசை இங்கே பலருக்கு உண்டு. "சின்ன சென்ஸார் போட்டா 500 லென்ஸ் 750 ஆயிடுமாமே?" என்பார்கள். லென்ஸ் நீளுவதில்லை. படத்தின் நடுப்பகுதி மட்டும் பதிவாகிறது. ஆதாயம் உண்டா என்பது உங்கள் பெரிய கேமராவைப் பொறுத்தது. டி750இல் நடுப்பகுதியை வெட்டினால் சுமார் 10 மெகாபிக்சல் மிஞ்சும். டி7500 (720 கிராம்) அதே பரப்பில் 20.9 தரும். அங்கே ஆதாயம் உண்மை. ஆனால் டி850 வைத்திருப்பவருக்கு வெட்டிய பின்னும் 19 மெகாபிக்சலுக்கு மேல் இருக்கும். அவர் இதற்காக இன்னொரு பாடி வாங்குவது வீண் செலவு.

இடத்தையும் பார்க்க வேண்டும். கொக்கரெ பெள்ளூரில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீடுகளுக்கு மேலேயே, ஊர் மரங்களில் கூடு கட்டுகின்றன. அங்கே இரண்டேகால் கிலோவுக்கு மேல் எடையுள்ள 200-500 லென்ஸ் எப்போதும் தேவைப்படுவதில்லை. ரங்கனத்திட்டில் படகு ஆடிக்கொண்டே இருக்கும், முக்காலி உதவாது. கையில் பிடிக்கக்கூடிய எடையே அங்கே பெரிய வசதி.

மூன்று, விழா எடுப்பவர்கள். சித்திரைப் பௌர்ணமி நள்ளிரவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போது நிற்கவே இடமிருக்காது. லென்ஸ் மாற்ற வழியில்லை, மாற்றினால் தூசி உள்ளே போகும். இங்கே இரண்டாவது பாடி என்பது இரண்டாவது லென்ஸுக்கான கைப்பிடிதான். இருட்டில் தூரத்தை எடுக்கும் வேலையை ஃபுல் ஃபிரேமிடம் விட்டு, அருகிலிருப்பதை அகல லென்ஸோடு சின்னதிடம் கொடுக்கலாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மவுண்ட்: பழைய லென்ஸ்கள் புதிய பாடியில் வேலை செய்யுமா? நிக்கானின் பழைய டி வகை லென்ஸ்கள் தானாக ஃபோகஸ் ஆக பாடிக்குள் மோட்டார் வேண்டும். டி5600இல் அது இல்லை. இசட் கேமராவுக்கான எஃப்.டி.இசட். அடாப்டரிலும் இல்லை. அடாப்டரும் நூறு கிராமுக்கு மேல் எடை என்பதை மறக்க வேண்டாம்.

கோணம்: 24-70 லென்ஸை ஏ.பி.எஸ்.-சி.யில் போட்டால் அதன் 24, 36 போலத் தெரியும். நம் பெங்களூர் அடுக்குமாடி வீடுகளின் ஹாலில் பின்னால் நகர சுவர் விடாது. எனவே சின்னதற்கென்று ஓர் அகல லென்ஸ் தேவைப்படும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பேட்டரி: டி750க்கும் டி7500க்கும் ஒரே குடும்பத்துப் பேட்டரி. டி5600, இசட்50 இரண்டுக்கும் வேறு வேறு. பயணத்தில் இரண்டு சார்ஜர் சுமப்பதும் ஒரு எடைதான்.

எதிர்காலம்: 2020இல் வந்த டி6க்குப் பிறகு நிக்கான் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை. ஆகவே பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. கையில் லென்ஸ்கள் இருப்பவருக்கு அது லாபம். புதிதாக லென்ஸ் வாங்கிச் சேர்க்கப் போகிறவருக்கு மிரர்லெஸ்தான் நல்லது. பழையது வாங்கினால் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடிகாரம்: இரண்டு கேமராக்களிலும் நேரத்தை ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் கணினியில் அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும்!

எடைச் சோதனை: கடைக்குப் போகுமுன் ஒரு துணிப்பையில் ஒன்றேமுக்கால் கிலோ துவரம்பருப்பைப் போட்டுத் தோளில் மாட்டி, அல்சூர் ஏரி ஓரமாக ஒரு நடை நடந்து வாருங்கள். மறுநாள் அறுநூறு கிராமோடு நடங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை உங்கள் தோள் சொல்லிவிடும்.

நிறைவாக

நம்மைப் போல வெளி மாநிலத்தில் வாழ்கிறவர்கள் பெற்றோரை வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் பார்க்கிறோம். பொங்கலுக்கு நான்கு நாள், கோடையில் ஒரு வாரம். ராத்திரி பஸ்ஸுக்குப் பை கட்டும்போது, குழந்தைகள் துணி, இனிப்பு, மருந்து எல்லாம் வைத்த பிறகு மிஞ்சும் இடத்தில் எந்தக் கேமரா தயக்கமில்லாமல் உள்ளே போகிறதோ, அதுவே உங்களுக்கான இரண்டாவது கேமரா. மெகாபிக்சலும் வேகமும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை. பெரியதை விற்றுவிடாதீர்கள். கரகத்துக்கும் கல்யாணத்துக்கும் அது வேண்டும். சின்னதை வாங்கினால் பீரோவில் வைக்காதீர்கள். செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, வீட்டுச் சாவி மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டி வையுங்கள். எடுத்த படங்களில் வருடத்துக்குப் பத்தையாவது தாளில் அச்சிட்டு ஊருக்கு அனுப்புங்கள். பெரியவர்களுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை.