பாடத்திட்டம் மாறும்போது

அறிவியல் வளர வளர, வாழ்க்கை மாற மாறப் பாடத்திட்டமும் மாறித்தான் தீரவேண்டும். ஆயினும் அம்மாற்றம் எளிதன்று. அதன் காரணங்களையும் இடர்களையும் நம் தமிழகத்து அனுபவத்தைக் கொண்டே இங்கு ஆராய முற்படுகிறேன்.

ஏன் மாற்றம்?

முதற்காரணம் ஒருமைப்பாடு. 1964-66ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, நாடு முழுமைக்கும் 10+2+3 என்னும் அமைப்பைப் பரிந்துரைத்தது. அதையொட்டித் தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி பிறந்தது. கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பு விடைபெற்றது.

இரண்டாவது சமத்துவம். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என நால்வகைப் பாடத்திட்டங்கள் இங்கே வழங்கின. ஒரே தெருப் பிள்ளைகள் வெவ்வேறு நூல்களைப் படித்தனர். இதைக் களைய 2006இல் முத்துக்குமரன் குழு அமைக்கப்பட்டது; 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது.

மூன்றாவது காலத்தின் தேவை. மேல்நிலைப் பாடநூல்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக மாறவில்லை. பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டு உருப்போட வைத்த பள்ளிகளும் உண்டு. 2017இல் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயமானபோது இக்குறை வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டே ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது.

இடர்கள் யாவை?

ஆட்சி மாறினால் நூலும் மாறுமோ என்ற ஐயம் முதல் இடர். 2011இல் சமச்சீர் கல்வியைத் தள்ளிவைக்க அரசு முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆகஸ்டு 9ஆம் நாள் தீர்ப்பு வரும்வரை, பள்ளி திறந்தும் மாணவர் கையில் நூல் இல்லை.

அடுத்தது படிமுறைச் சிக்கல். 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் எஞ்சியவற்றுக்கும் புதிய நூல்கள் வந்தன. இளையரசனேந்தலில் எங்கள் வீட்டிலேயே இதன் விளைவைக் கண்டேன். ஆறாம் வகுப்பில் நுழைந்த எனக்குப் புதிய நூல். ஏழாம் வகுப்பிலிருந்த என் அக்காளுக்குப் பழைய நூல். மறு ஆண்டு எட்டாம் வகுப்பில் அவளும் புதிய நூலுக்கு வந்தாள். அது புதிய ஏழாம் வகுப்பு நூலின்மேல் கட்டப்பட்டது. அந்த நூலையோ அவள் படித்ததே இல்லை! நான் படிப்படியாக ஏறினேன். அவளோ ஒரு படியைத் தாண்ட வேண்டியதாயிற்று.

மூன்றாவது வசதிக்குறைவு. புதிய நூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. நகரத்துப் பிள்ளைக்கு அது நல்வாய்ப்பு. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி அப்பாவோடு கரிசல் காட்டுக்குப் போய்விட்டால், எங்களூர்ப் பிள்ளைக்கு அது வெறும் கறுப்புக் கட்டமே!

செய்யத்தக்கவை

புதிய நூலைச் சில சிற்றூர்ப் பள்ளிகளில் முன்னதாக நடத்திப் பார்க்க வேண்டும். பள்ளி திறக்குமுன் ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்க வேண்டும். இடையில் சிக்கும் வகுப்பினருக்கு ஒரு மாத இணைப்புப் பாடமேனும் வேண்டும். தேர்வு வினாக்களும் உடன் மாறவேண்டும். இல்லையேல் புதிய நூலையும் மாணவர் பழையபடி மனப்பாடமே செய்வர்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம். அப்போதும் பாடத்திட்டங்கள் மாறும். மாற்றத்தை வரவேற்போம், ஆனால் எந்த வகுப்புப் பிள்ளை படி தவறி நிற்கிறது என்று முதலில் பார்ப்போம்!