தலையை மாற்ற முடியுமா?

ஒருவரின் தலையை இன்னொருவரின் உடலில் பொருத்த முடியுமா? 1970-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில், மருத்துவர் ராபர்ட் ஒயிட் ஒரு குரங்கின் தலையை வேறொரு குரங்கின் உடலோடு இணைத்தார். ரத்தக் குழாய்கள் பொருந்தின. குரங்கு கண் விழித்தது, பார்த்தது, ஓசை கேட்டது, கடிக்கக்கூட முயன்றது. ஆனால் கழுத்துக்குக் கீழே ஒரு விரலையும் அதனால் அசைக்க முடியவில்லை. விரைவிலேயே இறந்தும் போனது, பாவம்.

ரத்தக் குழாயைத் தைத்துவிடலாம். தண்டுவடம் அப்படியல்ல. மூளையின் கட்டளையை உடலுக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் அதற்குள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வெட்டுப்பட்ட தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும்; அறுந்த தண்டுவட இழைகளோ தாமாக வளர்ந்து சேர்வதில்லை. விபத்தில் தண்டுவடம் அறுந்தவர்கள் எழுந்து நடக்க முடியாமல் போவதும் இதனால்தான்.