ஆடுவது பஸ்ஸா, பஸ் ஸ்டாப்பா?

வெனிஸ் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் படி இறங்கினால் ரோடு இல்லை ஸார், தண்ணீர்! ஓரமாக, மஞ்சள் பட்டை அடித்த கண்ணாடிக் கூண்டு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. உள்ளே பெஞ்ச். 'அட, காலி சீட்!' என்று ஓடிப்போய் உட்கார்ந்தேன். லேசாக ஆடியது. காமிராவை எடுத்து ரெடியாக வைத்துக்கொண்டேன். அஞ்சு நிமிஷமாச்சு, பத்து நிமிஷமாச்சு, கிளம்புகிற வழியைக் காணோம்.

அப்புறம் ஒரு நிஜப் படகு வந்து 'டொம்'மென்று இந்தக் கூண்டின் மேல் இடித்தது. எல்லோரும் எழுந்து அதில் ஏறினார்கள். அப்போதுதான் விளங்கியது, அதுவரை நான் உட்கார்ந்திருந்தது பஸ் ஸ்டாப்!

தண்ணி பஸ்ஸுக்கு அங்கே 'வாப்பொரெட்டோ' என்று பெயர். சின்ன நீராவிப் படகு என்று அர்த்தம். நீராவி போய் எத்தனையோ காலமாச்சு, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1881-ல் முதல் படகு ஓடியபோது கொண்டோலாக்காரர்கள் 'எங்க பிழைப்பு போச்சு' என்று ஸ்டிரைக் செய்தார்கள். பிழைப்பு ஒன்றும் போகவில்லை. நான் போன 2024-ல் கொண்டோலா ரேட் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, ராத்திரியானால் 110. புது மாப்பிள்ளைகள் கொடுக்கலாம். நான் பி.காம்.

பி.காம். கணக்கு இப்படி: தண்ணி பஸ்ஸில் ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். ஒரு நாள் பாஸ் 25 யூரோ. மூணாவது தடவை ஏறும்போதே பாஸ் லாபம். கொண்டோலா ஆசை விடவில்லையா? அதற்கும் வழி இருக்கிறது. கிராண்ட் கனால் என்கிற மெயின் ரோடு, அதாவது மெயின் வாய்க்கால், 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாலம் நாலே நாலு. பாலம் இல்லாத சில இடங்களில் ஆட்களை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுவிட பெரிய கொண்டோலா ஓடுகிறது. கட்டணம் 2 யூரோ. ஊர்க்காரர்கள் நின்றபடியே போகிறார்கள். நானும் நின்றேன், கால் நடுங்க.

ஒண்ணாம் நம்பர் படகுதான் பிரமாதம். இந்தக் கரையில் ஒரு ஸ்டாப், அந்தக் கரையில் ஒரு ஸ்டாப் என்று கோலம் போட்டுக்கொண்டே போகும். ஸ்டேஷனிலிருந்து சான் மார்க்கோ போக முக்கால் மணி நேரம்கூட ஆகும். வேகமாகப் போகக் கூடாது, அலை அடித்தால் கரையோர மாளிகைகளின் அஸ்திவாரம் அரித்துவிடும். 4.1, 4.2 என்று இரண்டு நம்பர் உண்டு. ஒரே வட்டம், எதிரெதிர் திசை. நான் மாற்றி ஏறினேன். ஊரைச் சுற்றிக்கொண்டு போய், கல்லறைத் தீவு ஸ்டாப்பில் படகு நின்றபோதுதான் தப்பு தெரிந்தது. ஆமாம் ஸார், மயானத்துக்கும் ஒரு ஸ்டாப் இருக்கிறது!

ஆனால் நான் மாளிகையைவிட அதிகம் பார்த்தது கயிறு கட்டும் ஆளைத்தான். கண்டக்டர் மாதிரி வாசலில் நிற்பார். ஸ்டாப் நெருங்கியதும் ஒரு வீச்சு, கயிறு கம்பத்தில் எட்டு போட்டாற்போல் விழும். எஞ்சின் அந்தக் கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்க, படகு கூண்டோடு ஒட்டிக்கொள்ளும். கம்பிக் கதவைத் தள்ளி, ஸ்டாப் பெயரைக் கத்தி, இறக்கி, ஏற்றி, கயிற்றை உருவி... அடுத்த ஸ்டாப். ஒரு நாளைக்கு எத்தனை தடவையோ! விசில் மட்டும்தான் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம். 9.50 நமக்குத்தான். ஊர்க்காரர் கார்டு வைத்திருந்தால் ஒன்றரை யூரோ. சில ஸ்டாப்புகளில் அவர்களுக்குத் தனி க்யூ வேறு. 'இதென்ன அநியாயம்?' என்று பொங்கினேன், ரியால்ட்டோ மார்க்கெட் வரும் வரை.

அங்கே ஒரு பாட்டி. சக்கரம் வைத்த துணிப்பை நிறையக் காய்கறி. எங்கள் படகிலோ சூட்கேஸ், முதுகுப்பை, வாசலை அடைத்துக்கொண்டு போட்டோ எடுக்கும் கூட்டம். கயிறுக்காரர் இரண்டு பேரை ஏற்றினார், கையைக் காட்டினார், கதவை இழுத்தார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பழகின முகத்தோடு பையை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டு அடுத்த படகுக்கு நின்றார்.

காரோ, ஆட்டோவோ அவருக்குக் கிடையாது. வீடு போக இந்தப் படகுதான், இல்லாவிட்டால் பையை ஒவ்வொரு பாலமாகப் படியேற்றி இறக்க வேண்டும். இந்தத் தீவு நகரத்தில் 1951-ல் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்தார்கள். 2022-ல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. வீடுகளெல்லாம் டூரிஸ்ட் ரூம். 2024-ல் குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் வந்து திரும்புகிறவர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணமும் போட்டுப் பார்த்தார்கள். கூட்டம் அசரவில்லை.

மறுநாள் காலை அதே ஸ்டாப். வாசலை அடைத்துக்கொண்டு நின்றது சாட்சாத் நானேதான், முதுகில் பையோடு. என் முழங்காலில் ஒரு சக்கரம் இடித்தது. நேற்றுப் பார்த்தவர் இல்லை, வேறு பாட்டி. 'பெர்மெஸ்ஸோ' என்றார். இத்தாலி பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் வளர்ந்தவனுக்கு அதை மொழிபெயர்த்தா சொல்ல வேண்டும்? பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தேன். கயிறுக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வெளியே நின்றவர்களில் இன்னும் ஒருவரை ஏற்றினார்.