நான்காவது கிக்

ஸ்ரீவராகத்தில் கோயில் குளத்தைச் சுற்றி முட்டத்தறை வழியாக மேற்கே நடந்தால் கடல் வந்துவிடும். மாலை நாலரைக்கு மேல் போனால், பீமாபள்ளியிலும் பூந்துறையிலும் வெறுங்காலோடு பந்தடிக்கும் பையன்களைப் பார்க்கலாம். மணலில் பந்து உருளாது. காலுக்கடியில் நின்றுவிடும். அதைத் தோண்டி எடுத்து, ஒருவனை ஏமாற்றி, அடுத்தவனுக்குத் தட்ட வேண்டும். கெண்டைக்கால் நரம்பு கயிறாக முறுக்கேறி நிற்கும். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு ஜோடி செருப்பு.

இந்தக் கரை தெற்கே விழிஞ்ஞம், பொழியூர் என்று நீண்டு, நீரோடியில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தொடுகிறது. மாநில எல்லை வரைபடத்தில்தான் இருக்கிறது. பந்துக்கு அது தெரியாது. பொழியூர்க்காரரான எஸ். சீசன் இப்படிப்பட்ட மணலிலிருந்து வந்தவர். (ஆம், அவர் பெயரே சீசன்தான்.) 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்தின் இறுதி ஆட்டத்தில், கேரளத்துக்காக நான்காவது பெனால்டி கிக்கை அடிக்கப் போனவர் அவர்.

அந்த ஆண்டு கேரளத்தின் சந்தோஷ் டிராபி அணிக்குப் புதிய கோச்சாக சதீவன் பாலனை நியமித்திருந்தார்கள். திருவனந்தபுரத்துக்காரர். கோழிக்கோடு பல்கலைக்கழக அணியை அகில இந்தியப் பட்டங்களுக்குக் கொண்டுபோனவர். கல்லூரிப் பையன்களோடு வருஷக்கணக்கில் வெயிலில் நின்றவர் என்பதுதான் அவருடைய முதல் தகுதி என்பேன். மாநில அணியின் கோச்சுக்குக் கிடைப்பது சில வாரக் கேம்ப். அதற்குள் ஒருவனுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுக்க முடியாது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பது மட்டுமே கையில் இருக்கும். பல்கலைக்கழகப் போட்டிகளில் எந்தப் பையன் எந்த நிமிஷத்தில் தளர்வான், எவன் திட்டினால் நன்றாக ஆடுவான், எவன் திட்டினால் சுருங்கிப்போவான் என்று பார்த்துவைத்த கண் அங்கேதான் உதவும். சதீவன் இளைஞர்களை நம்பினார். எஸ்.பி.ஐ. போன்ற நிறுவன அணிகளிலிருந்து அனுபவசாலிகள் சிலர், அவர்களோடு இன்னும் வேலையே கிடைக்காத பையன்கள். கேப்டன் ராகுல் வி. ராஜ் எஸ்.பி.ஐ. வீரர்.

எஸ்.பி.ஐ. என்று எழுதும்போது திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு மனசு கொஞ்சம் கனக்கும். இந்த ஊரில் தலைமையகம் வைத்திருந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், எஸ்.பி.டி., நாடறிந்த கால்பந்து அணியை வளர்த்தது. 2017 ஏப்ரல் 1 அன்று அந்த வங்கி எஸ்.பி.ஐ.யில் கரைந்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதியில்தான் கொல்கத்தா இறுதி ஆட்டம்.

பயணம் ஜனவரியில் பெங்களூரில் தொடங்கியது. தென்மண்டலச் சுற்றில் ஆந்திரத்தை 7-0 என்று வீழ்த்தினார்கள். அடுத்தது தமிழ்நாடு. கோல் ஏதும் விழாமல் டிரா. ஆந்திரத்துக்கு எதிராகக் குவித்த அந்த ஏழு கோல்தான் கேரளத்தைக் கரையேற்றியது. நாம் வீட்டுக்குத் திரும்பினோம். தமிழ் வாசகருக்கு இது கசக்கலாம், ஆனாலும் நடந்தது அதுதான்.

மார்ச்சில் கொல்கத்தா. சண்டிகர் 5-1, மணிப்பூர் 6-0, மகாராஷ்டிரம் 3-0. குழுவின் கடைசி ஆட்டத்தில் வங்காளத்தை அதன் சொந்த ஊரிலேயே 1-0 என்று சாய்த்தார்கள். கடைசி நிமிஷத்தில் கோலடித்தவர் காசர்கோடு பிலிக்கோட்டைச் சேர்ந்த கே.பி. ராகுல். (பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய திருச்சூர் ராகுல் கே.பி. வேறு ஆள்.) அரையிறுதியில் மிசோரமுக்கு எதிராக அஃப்தலின் ஒற்றைக் கோல் போதுமானதாக இருந்தது.

இறுதியில் மறுபடியும் வங்காளம். அதுவரை 32 முறை கோப்பையை வாங்கிய அணி. கேரளத்திடம் ஐந்துதான், அதிலும் கடைசியாக வாங்கி 13 வருஷம். எம்.எஸ். ஜிதின் 19ஆவது நிமிஷத்தில் கோலடித்தார். 68இல் ஜிதேன் முர்மு சமன் செய்தார். எக்ஸ்ட்ரா டைமில், 117ஆவது நிமிஷத்தில், விபின் தாமஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று கேரளத்தில் எல்லாரும் நினைத்த நேரத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில், தீர்த்தங்கர் சர்க்கார் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். 2-2.

அந்த நிமிஷத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். 120 நிமிஷம் ஓடிய கால்கள். ஜெயித்துவிட்டோம் என்று ஒருமுறை நினைத்துவிட்ட மனசு. எதிரே உள்ளூர்க் கூட்டம். ஒரு கோச்சால் அப்போது புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? பையன்கள் உடைந்துபோகவில்லை. கண்ணூர்க்காரரான கோல்கீப்பர் வி. மிதுன் வங்காளத்தின் முதல் இரண்டு கிக்குகளையும் தடுத்தார். கேரளம் மூன்றை அடித்திருந்தது. நான்காவது கிக்குக்கு சீசன் நடந்து வந்தார். உள்ளே. 4-2. அன்று ஈஸ்டர் ஞாயிறு. கடற்கரைத் தேவாலயங்களில் காலையில் ஒரு கொண்டாட்டம், இரவில் இன்னொன்று.

ஊர் திரும்பிய வீரர்களுக்கு மாநில அரசு ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் அறிவித்தது. வேலையில்லாத 11 பேருக்கு அரசு வேலை தருவதாகவும் முடிவானது. 11! ஒரு முழு அணி. கோப்பை வென்ற அணியில் அத்தனை பேர் வேலை இல்லாதவர்கள்.

கேரளம் முதன்முதலில் இந்தக் கோப்பையை வென்றது ஒரு கல்லூரி மைதானத்தில். 1973 டிசம்பர் 27, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி. ரயில்வேயை 3-2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் மூன்று கோலையும் அடித்தவர் கேப்டன் மணி. கோச் நம் தமிழர், 1960 ரோம் ஒலிம்பிக் இந்திய அணியில் இடம்பெற்ற சைமன் சுந்தரராஜ். மலையாளிகள் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

2018 கோப்பைக்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. மறு வருஷம் கோச்சை மாற்றினார்கள். பழகிய கண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று, நான்கு வருஷம் அணியைக் கட்டியிருக்க வேண்டாமா? ஒவ்வொரு வருஷமும் புதுக் கோச், புதுக் கேம்ப், புதுப் பட்டியல் என்றால் கல்லூரியிலிருந்து வரும் பையன் யாரிடம் வளர்வான்? 2019 பிப்ரவரியில் தென்மண்டலச் சுற்று நம் நெய்வேலியில் நடந்தது. நடப்புச் சாம்பியன் கேரளம் தெலங்கானாவுடனும் புதுச்சேரியுடனும் டிரா, சர்வீசஸிடம் 0-1 தோல்வி. மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூட இல்லை.

2022 மே மாதம் மஞ்சேரியில் பினோ ஜார்ஜின் கீழ் ஏழாவது கோப்பை வந்தது. அதுவும் வங்காளத்திடமிருந்து, அதுவும் பெனால்டியில். சதீவன் பாலனை 2023-24இல் மறுபடி அழைத்தார்கள். அருணாசலத்தில் நடந்த காலிறுதியில் மிசோரமிடம், பெனால்டி கிக்குகளில், கேரளம் தோற்றது. ஆறு வருஷ இடைவெளியில் அவர் பழக்கிய பையன்களில் பெரும்பாலோர் அணியில் இல்லை.