எழுதித் தரப்படாத மறுப்பு

அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஒருவருக்குத் தகுதி உண்டா, இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் அரசு நிர்வாகத்துக்கு இருக்கிறது. அந்த முடிவு தவறானது என்று முறையிடும் உரிமை குடிமகனுக்கு இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு காகிதம் தேவைப்படுகிறது. நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்காமல் போவது அந்தக் காகிதம்தான்.

"பட்டியலில் உங்க பேர் வரலை", "வருமானம் கூடுதலா இருக்கு", "மகன் வேலைக்குப் போறாரே, அப்புறம் எப்படி?" இவையெல்லாம் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் கணினித் திரையைப் பார்த்தபடி சொல்லும் பதில்கள். கேட்டவர் திரும்பிப் போய்விடுகிறார். என்ன விதியின்கீழ் மறுத்தார்கள், மறுத்தவர் யார், எந்த நாளில் மறுத்தார் என்பவை எங்கும் பதிவாவதில்லை. பதிவாகாத ஒரு முடிவை எதிர்த்து எவரிடம் முறையிடுவது?

அமெரிக்க மருத்துவ முறையை நாம் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அங்கு அமைந்த காப்பீட்டுச் சந்தையில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஒருவருக்கு மானியத்துக்கான தகுதி இல்லை என்று முடிவானால், காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் குறிப்பிட்டு அவருக்கு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அதிலிருந்து 90 நாள்களுக்குள் அவர் முறையிடலாம். காத்திருந்தால் உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் விரைவு விசாரணை கோரலாம். தம் சார்பில் பேச வேறொருவரை நியமித்துக் கொள்ளலாம். ஏழைகளுக்காக இந்த மனுக்களை எழுதித் தருவதையே பணியாகக் கொண்ட சட்ட உதவி அமைப்புகளும் அங்கு உண்டு. இவ்வளவுக்கும் தொடக்கப்புள்ளி அந்த அறிவிப்புக் கடிதம்தான்.

தமிழ்நாட்டின் நிலைமைக்கு வருவோம். ஏழைகளுக்கான உயிர்காக்கும் உயர் சிகிச்சைக் காப்பீடு 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-இல் பிரதமரின் ஜன் ஆரோக்கிய திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான பாதுகாப்பாக வளர்ந்தது. ஆட்சிகள் மாறியும் தொடர்ந்த மக்கள்நலத் திட்டங்களுள் இது ஒன்று. அந்தப் பெருமையை இரு கழகங்களுக்கும் தாராளமாகவே வழங்கலாம்.

இந்த இணைப்பினால் விளைந்த ஒரு குழப்பத்தை இங்கே விளக்கியாக வேண்டும். மத்திய அரசின் திட்டம், 2011-ஆம் ஆண்டு சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. மாநிலத் திட்டமோ வருமானச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே, பட்டியலில் பெயர் இல்லை என்பது காப்பீடே இல்லை என்று பொருள்படாது. ஒரு வாசல் மூடியிருந்தாலும் மற்றொரு வாசல் திறந்திருக்கலாம். முகப்பில் கிடைக்கும் பதிலில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போகிறது.

வருமான வரம்பு தொடக்கத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய். 2009-இல் வகுத்த அந்த எல்லை, விலைவாசி எங்கோ போய்விட்ட பிறகும் 2022 ஜனவரி வரை அப்படியே நின்றது. இப்போது 1,20,000 ரூபாய். நாளொன்றுக்கு 500 ரூபாய் ஈட்டும் ஒரு சித்தாளை எண்ணிப் பாருங்கள். ஆண்டில் 240 நாள் வேலை கிடைத்தால் அவர் வரம்புக்குள் இருக்கிறார். 241-ஆம் நாள் வேலைக்குப் போனால் 5 லட்ச ரூபாய்ப் பாதுகாப்பை இழக்கிறார். படிப்படியாகக் குறையாமல் ஒரே அடியில் செங்குத்தாகச் சரியும் எல்லை இது. காவிரிக் கரை வாழைத் தோட்டங்களில் வெட்டுக்கூலிக்குப் போகிறவருக்கோ, துவாக்குடிப் பகுதிப் பட்டறைகளில் ஆணை வந்தால் வேலை, இல்லையேல் ஓய்வு என்றிருக்கும் பற்றவைப்பாளருக்கோ 'ஆண்டு வருமானம்' என்பதே ஓர் ஊகம்தான். கிராம நிர்வாக அலுவலர் ஓர் எண்ணை எழுதியாக வேண்டும், எழுதுகிறார். சில நூறு ரூபாய் மேலே போனாலும் அந்த எண்ணே விதியாகிவிடுகிறது.

நலத்திட்டங்களில் நேரும் பிழைகளைக் கார்னியாவும் பிரான்சஸ் ஸ்டீவர்ட்டும் இரண்டாகப் பிரித்தனர். தகுதியற்றவர் உள்ளே வருவது ஒன்று; தகுதியுள்ளவர் வெளியே நிற்பது மற்றொன்று. நம் நிர்வாகத்தின் விழிப்பு முழுவதும் முதல் பிழையின் மீதே இருக்கிறது. அது தணிக்கையில் அகப்படும். கையெழுத்திட்டவர் விளக்கம் தர நேரும். இரண்டாவது பிழைக்கு எந்தத் தணிக்கையும் இல்லை. வெளியே நின்றவர் அறுவைச் சிகிச்சைக்காக நகையை அடகு வைத்தாரா, சிகிச்சையே வேண்டாமென்று வீடு திரும்பினாரா என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது. எனவே, ஐயம் வந்தால் மறுத்துவிடுவதே ஊழியருக்குப் பாதுகாப்பு. தனிமனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. அமைப்பு அவரை அப்படித்தான் நடக்கச் சொல்கிறது.

ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் வீடுகளுக்குச் சமையல் செய்து பிழைக்கும் கைம்பெண் ஒருவருக்கு இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. மகனுடைய சம்பளம் வரம்பைத் தாண்டுகிறது என்று சேர்க்கை முகப்பு ஒன்றில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகன் மணமாகிக் கோவையில் தனிக்குடித்தனம் நடத்தி ஆறாண்டாகிறது. பெயர் மட்டும் தாயாரின் குடும்ப அட்டையிலேயே இருந்தது. திட்டத்தின் விதிப்படி குடும்பம் என்பது தகுதியுடையவர், அவருடைய துணைவர், சார்ந்து வாழும் பெற்றோர், பிள்ளைகள்; அந்தப் பிள்ளைகளும் வேலை கிடைக்கும்வரை, அல்லது மணமாகும்வரை, அல்லது 25 வயதுவரை மட்டுமே. மூன்றுமே கடந்த மகனின் வருமானத்தைத் தாயின் கணக்கில் சேர்த்தது பிழை. வட்ட வழங்கல் அலுவலகத்தில் பெயர் நீக்கம், புதிய வருமானச் சான்றிதழ், பிறகு காப்பீட்டு அட்டை என்று மூன்று படிகள். மூன்று வாரத்தில் முடிந்தது. "மகன் பெயரை அட்டையிலிருந்து எடுப்பதா?" என்று அந்த அம்மையார் தயங்கியதில்தான் முதல் வாரம் கழிந்தது. அட்டைத் திருத்தம் என்று நாம் எளிதாகச் சொல்வது ஒரு தாய்க்கு வேறு விதமாகத் தெரிகிறது.

மறுப்பு எங்கே நேர்ந்தது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வருமானச் சான்றிதழில் உள்ள தொகை தவறு என்றால், காப்பீட்டு முகப்பில் வாதிட்டுப் பயனில்லை. சான்றிதழ் வழங்கிய வட்டாட்சியரிடம் மறு ஆய்வு கோரி, அதற்கும் பதிலில்லை என்றால் கோட்டாட்சியரிடம் முறையிட வேண்டும். திருச்சி மாவட்டத்தில் ஸ்ரீரங்கம் தனி வட்டமாகவும் தனிக் கோட்டமாகவும் இருப்பதால் தீவுக்காரர்கள் ஆற்றைக் கடந்து மனு கொடுக்கும் இடம் எது என்று முதலில் விசாரித்துக் கொள்வது நல்லது. சான்றிதழ் சரியாக இருந்தும் அட்டை மறுக்கப்பட்டால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவே முறையீட்டுக்குரிய இடம். அட்டை இருந்தும் குறிப்பிட்ட சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைக்கவில்லை என்றால், அது மருத்துவம் சார்ந்த கேள்வி. சிகிச்சை ஏன் தேவை என்பதை மருத்துவரே ஆவணங்களோடு மீண்டும் எழுத வேண்டும். நோயாளியின் மனு அதற்குத் துணையாக மட்டுமே பயன்படும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்வோருக்கு வருமான வரம்பே கிடையாது. கொட்டப்பட்டு முகாமிலிருந்து வருபவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்டால், அந்தக் கேள்வியே விதிக்குப் புறம்பானது.

மறுப்பை எழுத்தில் பெறுவது எப்படி? மறுக்கப்பட்ட அன்றே ஒரு மனு எழுதலாம். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன ஆவணங்களைக் காட்டினேன். இன்ன பதில் சொல்லப்பட்டது. அதற்குரிய விதியைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் ஆணை வழங்கவும். இவ்வளவு போதும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். வறுமையை உருக்கமாக விவரிக்கும் நீண்ட மனுக்களை எழுத்தர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அவர்களை நிமிர்ந்து உட்கார வைப்பது தேதியும் விதியும்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஐப் பலரும் கோப்பு நகல் கேட்கும் சட்டமாக மட்டுமே அறிவர். அதன் 4(1)(ஈ) பிரிவு, ஒரு பொது அதிகார அமைப்பு தன் நிர்வாக முடிவுக்கான காரணங்களை, அந்த முடிவால் பாதிக்கப்படுபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கேட்டால் தெரிவிப்பது என்றல்ல. தானாகவே தெரிவிக்க வேண்டிய கடமை அது. அதே சட்டத்தின் 7(1) பிரிவின்படி, சாதாரணத் தகவலுக்கு 30 நாள் அவகாசம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதாக இருந்தால் 48 மணி நேரம். சிகிச்சையை எதிர்நோக்கிப் படுத்திருப்பவர் விண்ணப்பத்தின் தலைப்பில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மருத்துவரின் சான்றையும் இணைக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர் கட்டணமும் செலுத்த வேண்டியதில்லை.

பணம் கட்டிக் காப்பீடு வாங்கியவரின் நிலை இதைவிட மேல். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் மறு ஆய்வுக் குழு ஒப்பாமல் கோரிக்கையை நிராகரிக்க இயலாது. நிராகரித்தால் ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனைப்படி என்று தெரிவித்தாக வேண்டும். அதன்பின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி, வழக்கறிஞருமின்றி ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். வாடிக்கையாளருக்கு எழுத்து மூலம் பதில், ஏழைக்கு வாய்மொழிப் பதில் என்னும் இந்த ஏற்றத்தாழ்வை எந்தப் பொருளியல் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த இயலாது.

மாற்றுவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தால் எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டு கிடைக்கிறது. காப்பீட்டுச் சேர்க்கை முகப்பிலும், தகுதியில்லை என்று திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் காரணம், விதி எண், முறையிட வேண்டிய அலுவலர், கெடு ஆகிய நான்கையும் தமிழில் அச்சிட்ட ஒரு சீட்டைக் கொடுக்க ஓர் அரசாணை போதும். அரசுச் சேவைகளைக் குறித்த காலத்தில் பெறும் உரிமைக்கு மத்தியப் பிரதேசம் 2010-இலேயே சட்டம் இயற்றியது. அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டிலும் நெடுநாளாக ஒலிக்கிறது. அது வரும்வரை இந்தச் சீட்டையாவது தரலாம்.

திங்கள்கிழமை வரை காத்திருக்க இயலாத நோயாளியின் உறவினர், திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசியான 1800 425 3993-ஐ மருத்துவமனையிலிருந்தே அழைக்கலாம். அழைத்த நேரம், பேசியவர் பெயர், தரப்படும் புகார் எண் மூன்றையும் அப்போதே நோயாளியின் சிகிச்சைச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டால், பின்னர் கொடுக்கும் மனுவின் முதல் வரி அங்கேயே தயாராகிவிடும்.