குமிழை விட்டால் அணையும் அடுப்பு

நம் வணிகர் இல்லங்கள் பலவற்றில் இன்று விலை உயர்ந்த கண்ணாடி கேஸ் அடுப்புகள் உள்ளன. சிலவற்றில் குமிழை அழுத்திப் பிடித்தால் எரிகிறது. கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது. உடனே அடுப்பே போயிற்று என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

காரணம் பெரும்பாலும் சிறியதே. பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்புகளில் பர்னர் ஓரமாகத் தெர்மோகப்பிள் என்னும் சிறு கம்பி நிற்கும். தீயில் அதன் நுனி சூடானால் சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகி, வால்வைத் திறந்து பிடித்திருக்கும். பால் பொங்கித் தீ அணைந்தால் நுனி குளிர்ந்து, வால்வு தானே மூடிக்கொள்ளும்.

நுனியில் கரியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தாலும், பர்னர் மூடி சரியாக உட்காராவிட்டாலும் போதிய சூடு ஏறாது. ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியபின், நுனியை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைக்கவும். மூடியைச் சரியாகப் பொருத்திப் பற்றவைத்து, குமிழைச் சில விநாடி அழுத்திப் பிடித்துப் பார்க்கவும். அப்படியும் நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டிப் பழுதான பாகத்தை மாற்றுவதே முறை.

"கம்பியே வேண்டாம், நேராக எரியும்படி செய்து தருகிறேன்" என்பவரிடம் அடுப்பைக் கொடுக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஒரு பொறி போதும். சில்லறைச் செலவை மிச்சம் பிடிக்கப்போய் முதலுக்கே மோசம் வரலாமா?